ஊசியில் நின்ற டோலிச் சங்கம்

சங்கங்களை வகை பிரிக்கிற தொழிலில் சங்கம் ஒரு பஸ்ஸில் ஏறும், படிவம் இன்னொரு பஸ்ஸில் ஏறும். ரெண்டையும் ஒரே ஸ்டாப்பில் இறக்கிவிடுவதாகச் சொல்லி வேலையில் சேர்ந்தவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் பி.ஏ. முடித்துவிட்டு, வத்தலக்குண்டு வீட்டில் அம்மாவின் திட்டுக்கும் அப்பாவின் பெருமூச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது கொடைக்கானலில் இந்த வேலை கிடைத்தது. பழனி மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிற தொண்டு நிறுவனங்கள், மாதர் சங்கங்கள், நற்பணி மன்றங்கள் எல்லாவற்றையும் தேடிப் போய் இரண்டே கேள்வி கேட்க வேண்டும். உங்கள் வளர்ச்சி நோக்கம் என்ன? அதற்கு என்ன தொழில்நுட்பம் பயன்படுத்துகிறீர்கள்? பதிலை வைத்து வகை பிரித்து நாங்கள் ஒரு பட்டியல் போடுவோம். வெளிநாட்டு உதவிக்காரர்கள் பட்டியலைப் பார்த்து, யாருக்கு என்ன செய்து தருவது என்று முடிவு செய்வார்கள்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது படிவம் நிரப்பப் போய், எந்தக் கட்டத்திலும் அடங்காமல் "இதர" என்ற கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றவர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். அந்தக் கட்டத்தைப் போட்ட கோஷ்டியில் நானும் இருந்தேன். திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் திட்டினால் பாதித் திட்டு மிச்சமாகிவிடும்.

பின்னாத ஊசி

எங்கள் ஆபீஸ் ஏழு ரோடு சந்திப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கம்பளிக் கடையின் பின்னறை. கம்ப்யூட்டர் என்று ஒன்று மெட்ராஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். எங்களிடம் இருந்தது துளை அட்டை. ஒரு சங்கத்துக்கு ஒரு கெட்டி அட்டை, அதன் ஓரங்களில் வரிசையாகத் துளைகள். இடது ஓரத் துளைகள் நோக்கத்துக்கு: முதல் துளை உணவு, இரண்டாவது கால்நடை, மூன்றாவது கல்வி, நாலாவது சுகாதாரம், இப்படியே போய்க் கடைசித் துளை "இதர". வலது ஓரத் துளைகள் தொழில்நுட்பத்துக்கு: ஒன்று என்றால் மாடு பூட்டுகிற அளவு, இரண்டு என்றால் எளிய இயந்திரம், மூன்று என்றால் மின்சாரம். வெறும் கையும் காலும் என்றால் பூஜ்யம். அதற்குத் துளையே கிடையாது. எது பொருந்துமோ அந்தத் துளையிலிருந்து ஓரம் வரைக்கும் கத்தரித்து வாயைத் திறந்துவிட வேண்டும். பிறகு அட்டைகளை அடுக்கி, வேண்டிய துளைக்குள் நீளமான ஊசியைக் குத்தித் தூக்கினால், வாய் திறந்த அட்டைகள் மட்டும் பொலபொலவென்று கீழே விழும். விழுந்தவர்கள் தேறினார்கள். ஊசியில் தொங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

மெட்ராஸிலிருந்து வந்த ஊசி முதல் வாரமே வளைந்துபோனது. முன்கடை ரெபேக்கா அக்கா தன்னுடைய ஸ்வெட்டர் ஊசி ஒன்றை இரவல் கொடுத்தார். நான் குத்துவதையும் தூக்குவதையும் கண்ணாடிக் கதவு வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டே இருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் உள்ளே வந்து, என் மடியை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் பாப்பா, மூணு மாசமா குத்திக்கிட்டே இருக்கியே, இன்னும் ஒரு கைகூட எறங்கலையே?"

யாரும் எடுக்காதது

தோளில் பை, கையில் குடை, சட்டைப்பை இல்லாததால் ஜாக்கெட்டில் செருகிய பேனா. இந்த வேஷத்தில் ஒரு பெண் வந்தால் எங்கள் பக்கத்தில் அவள் டீச்சர்தான். இல்லைங்க, நான் டீச்சர் இல்லை என்று முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா டீச்சர்?" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

வத்தலக்குண்டு நற்பணி மன்றத்துக்கு ஆறு உறுப்பினர்கள், ஒரு கேரம் போர்டு, அதைவிடப் பெரிய பெயர்ப்பலகை. செயலாளர் லாரி ஷெட்டில் டயர் மாட்டுகிறவர். நான் ஓட்டல் சர்வர் மாதிரி உணவு, கால்நடை, கல்வி, சுகாதாரம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மற்ற சங்கமெல்லாம் எதைச் சொல்கிறது என்றார். கல்விதான் நிறைய என்றேன். யாருமே சொல்லாதது எது என்றார். மண் அரிப்புத் தடுப்பு என்றேன். கேரம் போர்டைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அதையே எங்களுக்குப் போட்ருங்க டீச்சர். பாவம், ஒருத்தர்கூட எடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

கீழ்ச்சோலைக்குப் பூஜ்யம்

இப்போது வருவதுதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட சங்கம். மேல்மலை பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு மைல் பள்ளத்தில் நடந்தால் கீழ்ச்சோலை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. நான் போன வைகாசியில் அது என் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. சங்கத்துக்குப் பலகை கிடையாது, முத்திரை கிடையாது, நோட்டுப் புத்தகம் கிடையாது. தலைவர் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் எல்லாரும் வெள்ளையண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனுஷன். அவர் மனைவி காளியம்மாக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

ஊரில் யாருக்காவது முடியாமல் போனாலோ பிரசவ வலி வந்தாலோ தகரத்தைத் தட்டுவார்கள். சத்தம் கேட்டவர்கள் மண்வெட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். ஒரு மூங்கில், ஒரு கம்பளி, நாலு முழம் கயிறு. டோலி கட்டித் தூக்கி, ஓடையைத் தாண்டி, ரோட்டில் ஒட்டன்சத்திரம் போகிற காய்கறி லாரி வருகிறதோ பஸ் வருகிறதோ, முதலில் வருவதில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். இதுதான் சங்கம். "என்ன தொழில்நுட்பம் பயன்படுத்துறீங்க?" என்று நான் கேட்டதும் மூங்கிலை எடுத்து வந்து என் முன்னால் பயபக்தியோடு வைத்தார்கள். நான் அதைவிட பயபக்தியோடு பூஜ்யம் போட்டேன். ஆள் தூக்குவதற்கு எங்கள் படிவத்தில் நோக்கம் எதுவும் இல்லாததால் "இதர". கொடுத்த கட்டங்காப்பியைக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் செய்தேன். என்னை என்ன செய்தால் தகும்!

போன மழையில் ஓடை பெருகி, நெஞ்சுவலிக்காரர் ஒருவரை டோலியோடு இந்தக் கரையில் அரை நாள் வைத்திருந்ததைக் காளியம்மாக்கா சொன்னார். தண்ணீர் வடிந்தபோது தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. ஆள் நடக்கிற மாதிரி ஒரு கம்பிப் பாலம் கிடைக்குமா என்று வெள்ளையண்ணன் கேட்டார். உதவிக்காரர்கள் அந்த மாதிரிப் பாலங்கள் கட்டித் தருவது எனக்குத் தெரியும். "கண்டிப்பா உங்க பேரு லிஸ்ட்ல வரும்ணே" என்று சொல்லிவிட்டேன். இருபத்துமூணு வயசு நாக்கு, என்னத்தைக் கண்டது! அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பச் சரி டீச்சரம்மா. எந்தங்கச்சி பேச்சி மூணு மாசம் முழுகாம இருக்கா. தலப்பிரசவம், இங்கதான் வருவா. ஐப்பசி மழைக்குள்ள பாலம் வந்துட்டாப் போதும்."

சொல்லாமல் வந்த குற்றம்

பாலசமுத்திரத்து மாதர் சங்கத்துக்குச் சாண எரிவாயுக் கலம் இருந்தது. சுவரில் பெரிசாக எழுதியும் வைத்திருந்தார்கள். புகையில்லாத சமையல், அதனால் நோக்கம் சுகாதாரம் என்று தலைவி லட்சுமியக்கா கணீரென்று சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரே வாக்கியத்தில் படிவத்துக்குள் வந்து உட்காருகிற சங்கத்தைப் பார்த்து மாதக்கணக்காகி இருந்தது. எரிவதைப் பார்க்கலாமா என்றேன். கலத்தின் மேல் மிளகாய் காய்ந்தது. ஒரு கோழி அதன் நிழலில் முட்டையிட்டிருந்தது. உள்ளே சாணி இருந்ததற்கான அடையாளம் இருந்தது, அதுவும் போன வருஷத்து அடையாளம். பின்கட்டில் விறகடுப்பு திகுதிகுவென்று எரிந்தது.

எங்கள் விதிப்படி கருவி இருந்தால் போதும். வேலை செய்கிறதா என்று கேட்கத் துளை இல்லை. இரண்டு போட்டேன். தகரம் தட்டினால் ஓடி வருகிற கீழ்ச்சோலைக்குப் பூஜ்யம், மிளகாய் காய்கிற தொட்டிக்கு இரண்டு. போடும்போது கை கொஞ்சம் கூசியது, நிஜமாகவே கூசியது. என் முகம் போன போக்கைப் பார்த்து லட்சுமியக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வாரம் முன்னாடி ஒரு கார்டு போட்ருந்தா சாணி கரைச்சு ஊத்தி ஜம்முனு எரிய விட்ருப்போம்ல? சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னுக்கிட்டு டெக்னாலஜி எங்கன்னா, நாங்க எங்கம்மா போவோம்?"

பழகிப்போன பிரிவினை

கொடைக்கானலை ஒட்டி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்ட சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதித் தருவது, வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவது, இதுதான் வேலை. எழுதுகிறவர் செல்லையா, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பிளேன் டீ கொடுத்து உட்கார வைத்தார். இது கல்வியா, மாதர் நலமா, இதரவா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதபோது பிரசங்கம் பண்ணுவது என் வழக்கம். வகை பிரிப்பது எவ்வளவு நல்லது, சரியாகப் பிரித்தால்தான் சரியானவர்களுக்குச் சரியான உதவி போய்ச் சேரும் என்று கால் மணி நேரம் பொழிந்தேன்.

நான் முடித்ததும் அவர் டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிரிச்சுக்குங்க தங்கச்சி, எங்களுக்குப் பழக்கந்தான். நீ இந்தப் பக்கம், ஒங்க அக்கா அந்தப் பக்கம்னு பிரிச்சுத்தானே எங்கள கப்பல்ல ஏத்தினாங்க."

சிபாரிசு

ஆடி மாதம் பொறுக்கி எடுக்கிற நாள் வந்தது. எங்கள் டைரக்டர் மதுரையில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர், அநியாயத்துக்கு நேர்மை. பாலம் மாதிரி கட்டுமான உதவிக்கு உதவிக்காரர்கள் சொன்ன நிபந்தனை: நோக்கம் சுகாதாரம், தொழில்நுட்பம் இரண்டு. நான் முந்திய வாரமே அவரோடு மல்லுக்கு நின்றிருந்தேன். நோயாளியைத் தூக்குவது சுகாதாரம் இல்லாமல் வேறென்ன சார் என்று கேட்டதற்கு, நியாயம்தான் என்று அவரே கீழ்ச்சோலை அட்டையில் நாலாவது துளையைக் கத்தரித்துக் கொடுத்தார். முதல் ஊசியில் கீழ்ச்சோலை விழுந்தது. நான் கைதட்டிவிட்டேன். ஆபீஸில் கைதட்டியது அதுவே முதல் தடவை.

விழுந்ததையெல்லாம் அடுக்கி, வலது ஓரத்தில் இரண்டாவது துளைக்குள் ஊசி போட்டார். பாலசமுத்திரம் விழுந்தது, மிளகாய்த் தொட்டியோடு. கீழ்ச்சோலை ஊசியில் தொங்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. பேச்சி, பிரசவம், ஐப்பசி, ஓடை எல்லாம் சொன்னேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மெஷின்கூட இல்லாதவங்க பாலத்தைப் பராமரிக்க மாட்டாங்கன்னு அவங்க நினைக்கிறாங்க. எனக்கும் வருத்தந்தாம்மா. அதுக்கு ஊசிகிட்டப் போயி சிபாரிசு பண்ணச் சொல்றியா?"

கவிழ்த்துப் போட்ட அட்டை

கடைசிப் பட்டியலுக்கு இன்னும் ஒரு தடவை ஊசி போட வேண்டியிருந்தது. அதற்குள் நான் திருட முடிவு பண்ணினேன். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் நெம்புகோல் எளிய இயந்திரம் என்று போட்டிருக்கும். தோளில் வைத்த மூங்கில் நெம்புகோல் இல்லாமல் என்ன? இப்படி மனசாட்சியைச் சரிக்கட்டிவிட்டு, டைரக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் கீழ்ச்சோலை அட்டையை எடுத்தேன். யாராவது வந்தால் பெயர் தெரியக் கூடாதே என்று அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். வலது ஓரம், இரண்டாவது துளை, நறுக். அதே நேரம் ரெபேக்கா அக்கா கதவைத் திறந்து, "ஊசி சும்மாவா இருக்கு பாப்பா?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அட்டையை அவசரமாக நிமிர்த்திக் கட்டுக்கு நடுவில் செருகிவிட்டு, அன்றைக்கே லீவு சொல்லி வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாலம் கட்டிக்கொண்டே இறங்கினேன்.

புத்திசாலிகள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். கவிழ்த்துப் போட்ட அட்டையில் வலது பக்கம் இருப்பது இடது ஓரம். இடது ஓரத்தில் இரண்டாவது துளை கால்நடை, அந்த உதவிக்குத் தொழில்நுட்பம் எதுவும் கேட்பதில்லை. திரும்பி வந்தபோது பட்டியல் டைப் ஆகித் தபாலிலும் போய்விட்டது. டைரக்டர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். "ஒனக்குச் சந்தோஷமான சேதி! கீழ்ச்சோலை கால்நடையில விழுந்திருச்சு. அவங்க ஆடு வளக்குறாங்கன்னு நீ சொல்லவே இல்லையேம்மா?"

கிடா வந்தது

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், அதைவிட அவர் முகம் என்னாகும் என்ற பயம். புரட்டாசியில் கீழ்ச்சோலைக்குப் பாலத்துக்குப் பதிலாக ஒரு சீமைக் கிடா வந்து சேர்ந்தது. கம்பளி கொடுக்கிற உயர்ந்த ஜாதி. ரோடு வரை வேனில் வந்தது. ஒப்படைக்க நானும் ஒரு கால்நடைக் கம்பவுண்டரும் போனோம். பள்ளத்தில் ஒரு அடி இறங்க மாட்டேன் என்றது. இழுத்துக்கொண்டு ஓடை வரை போனால், அங்கே முன்மழைத் தண்ணீர் தொடை வரை ஓடியது. கிடா தண்ணீரைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. அக்கரையில் யாரோ தகரத்தைத் தட்டிவிட்டார்கள்.

ஏழெட்டுப் பேர் மண் கையோடு விழுந்தடித்து ஓடி வந்தார்கள். நோயாளி எங்கே என்று தேடியவர்களுக்குக் கம்பவுண்டர் கிடாவைக் காட்டினார். ஒருவரும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கம்பளியில் வைத்துக் கட்டித் தூக்கினார்கள். வெள்ளையண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "பாலம் பின்னால வருதா டீச்சரம்மா?" என்றார். "வரும்ணே" என்றேன். புளுகிய வாய் இன்றைக்கும் கசக்கிறது. நடு ஓடையில் தடுமாறிய ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "சீக்காளியாவது அம்மா அய்யான்னு மொனகிக்கிட்டுக் கெடப்பாங்க. இது முட்டுது டீச்சரம்மா!"

முன்னால் பிடித்தவள்

அதற்கு மேல் தாங்கவில்லை. டைரக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தானே உட்கார்ந்து உதவிக்காரர்களுக்குத் திருத்தக் கடிதம் எழுதினார். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த பட்டியல் அடுத்த வருஷம். பேச்சிக்கு அது தெரியுமா? கீழ்ச்சோலைக்குப் போய் நேரில் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு என்றார் டைரக்டர். ஐப்பசி கடைசியில், காலையில் வெள்ளனே கிளம்பி, ஓடையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மழை நின்று நின்று பெய்தது.

வெள்ளையண்ணன் வீட்டில் பத்துப் பேர் முன்னால் வைத்துச் சொன்னேன். பூஜ்யம் போட்டது, கத்தரித்தது, கவிழ்த்து வைத்தது, கிடா வந்தது, பாலம் வரும் என்று புளுகியது. துளை, ஊசி என்று நான் விளக்கியது அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"அப்பப் பாலம் வராததுக்கு நீங்கதான் காரணம்" என்றார் வெள்ளையண்ணன்.

"ஆமாண்ணே."

"சரி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிரசவத்துக்கு வந்திருந்த பேச்சி உள்ளே வலி தாங்காமல் கத்தியது அப்போதுதான். காளியம்மாக்கா வெளியே ஓடி வந்து, குழந்தை குறுக்கே கெடக்கு, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, வெரசா கட்டுங்க என்றார். தகரம் அடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் டோலி கட்டிவிட்டார்கள். ஓடைக் கரையில் தண்ணீர் காலையில் இருந்ததற்கு ஒரு முழம் ஏறியிருந்தது. அங்கே வெள்ளையண்ணன் டோலியை நிறுத்தி, முன்னால் பிடித்திருந்த இருவரில் ஒருவரை விலகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, முன்னால பிடிங்க."

மன்னித்துவிட்டார்கள், தங்கள் ஆளாகவே சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். ஆனால் என் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. ஒரு கம்பளியை மடித்து என் தோளில் வைத்து உயரம் கட்டினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. காலுக்கடியில் கல் உருண்டது. பக்கத்தில் பிடித்தவருக்குக் கால் வழுக்கிய ஒரு கணம் முன்பாரம் முழுக்க என் தோளில் இறங்கியது. மாதாவே, மாதாவே என்று கத்தினேன். பின்னால் பேச்சி என்னைவிட சத்தமாக முருகனைக் கூப்பிட்டாள். எப்படி அக்கரை சேர்ந்தேனோ எனக்கே தெரியாது.

கரை ஏறியதும் ஆள் மாற்றினார்கள். என் பல் தந்தியடித்தது. காளியம்மாக்காவிடம், "ஏன்க்கா, இத்தனை ஆம்பளைங்க இருக்கும்போது என்னை ஏன் முன்னால விட்டாங்க?" என்று கேட்டேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "இது தெரியாதா? சீக்காளி வீட்டோட யாருக்குச் சண்டையோ அவங்கதான் ஓடையில முன்னால பிடிக்கணும். ஆழத்துல மொதக் கால வைக்கிறது அவங்க. தவற விட்டா மொதல்ல முங்குறதும் அவங்க. அப்பத்தான உசுரக் குடுத்துத் தூக்குவாங்க?" இத்தனை நேரம் மன்னிப்பு என்று நினைத்துத் தோள் கொடுத்தது இதற்குத்தானா என்று அழுவதா சிரிப்பதா தெரியாமல் மேட்டில் ஏறினேன்.

ரோட்டில் பூண்டு லாரி ஒன்று நின்றது. பேச்சியை மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்து, காளியம்மாக்கா கூடவே ஏறிக்கொண்டார். நாங்கள் ரோட்டோர டீக்கடையில் ஈரத்தோடு காத்திருந்தோம். வெள்ளையண்ணன் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே ஆற விட்டார். பொழுது சாயும் நேரம் கொடைக்கானலிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்: "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் சொகம்!" வெள்ளையண்ணன் அந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். நான் வாய்விட்டு அழுதேன். கொஞ்சம் தைரியம் வந்து, பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்: "இப்பச் சண்டை தீந்துச்சாண்ணே?"

அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டைப் பிழிந்து என்னிடம் கொடுத்தார், முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி. பிறகு ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவைக்கெல்லாம் தீராது டீச்சரம்மா. பாலம் வர்ற வரைக்கும் மழைக்கு மழை வந்துருங்க."

மலையைச் சுற்றி அத்தனை சங்கங்களையும் வகை பிரித்த எனக்கு ஒரே ஒரு சங்கம்தான் உறுப்பினராக இடம் கொடுத்தது, அதுவும் சண்டைக்காரி என்கிற வகையில்.